ஏரிக்கரை மேட்டில் நின்ற கார்

எருமப்பட்டி,
18.1.2025

தமிழினிக்கு,

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் இவர்கள்தான். பின் சீட்டில் நெஞ்சு வலியோடு என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்த உன் அப்புச்சி சென்னிமலை. நான், உன் அம்மாவைப் பெற்ற பாவாயி. முன்னால் இடப்பக்கம் என் தம்பி தங்கமுத்து. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நீ. ஏரிக்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆத்தாயி. அவள் ஆடு ஒரு காலத்தில் என் சோளத்தை மேய்ந்ததை நான் மறக்கவில்லை. ஆனால் அன்றைக்குத் தூக்குப்போசித் தண்ணீரை எடுத்துக்கொண்டு ஓடி வந்தவள் அவள்தான், அதையும் மறக்கவில்லை. கடைசியாக முட்டை வண்டி டிரைவர் மணியன். வேறு யாரும் இல்லை. பிற்பாடு ஊரில் பல பேர் நானும் இருந்தேன், நானும் தூக்கினேன் என்றார்கள். பொய். எனக்குப் படிப்புத்தான் குறைவு, ஞாபகம் குறைவில்லை.

கார் மேட்டில் ஏறும்போது இருமி இருமி நின்றது. நீ சாவியைத் திருப்பிக்கொண்டே இருந்தாய். தங்கமுத்து இறங்கிப் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "சோக்கை இழுத்து உட்டுட்டயா புள்ள? பெட்ரோலை ஊத்தி அடைச்சுப்புட்டயே" என்று கத்தினான். உன் அப்புச்சி என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். முட்டை வண்டியில் அவரைத் தூக்கி வைக்கும்போது அந்தப் பிடி இல்லை. நாமக்கல் ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னது உனக்கும் தெரியும். கொஞ்சம் முன்னால் கொண்டு வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார்.

கருமாதியில் சபை நடுவே நான் உன்னைச் சொன்ன சொல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதைப் பேச இப்போது எழுதவில்லை.

கார் இரண்டு வருசமாகக் கொட்டகையில் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. கருமாதியன்று காலையில் தங்கமுத்து கொண்டு வந்து நிறுத்தியதோடு சரி. சாவி என் சுருக்குப்பையில் இருக்கிறது. சீட்டுப் பஞ்சில் எலி குட்டி போடுகிறது. எடைக்குப் போட்டுவிடு அக்கா என்று தங்கமுத்து போன மாதத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறான். நீ லைசென்ஸ் எடுத்த சந்தோசத்தில் உன் அப்புச்சி என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வண்டியை உன் பேருக்கு மாற்றிவிட்டார். அதனால் உன் கையெழுத்து இல்லாமல் இரும்புக்கடைக்காரன் தொடமாட்டேன் என்கிறான். காகிதம் இதோடு இருக்கிறது. போட்டு அனுப்பு.

போனில் சொல்லலாம்தான். என் காதில் இப்போது இரைச்சலைத் தவிர ஒன்றும் இல்லை. மிஷின் மாட்டினால் அது கூவுகிறது. அறிவொளியில் உட்கார்ந்து எழுதப் படித்தது இதற்காவது ஆகட்டும். பிழை இருந்தால் நீயே திருத்தி வாசித்துக்கொள்.

பாவாயி


ஓசூர்,
27.1.2025

அம்மாயி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நீங்கள் எழுதியதில் பிழை எதுவும் இல்லை. ஒன்றை மட்டும் விட்டுவிட்டீர்கள்.

முட்டை வண்டியில் அட்டைகளை இறக்கிவிட்டு அப்புச்சியைப் படுக்க வைத்தீர்கள். நானும் ஏற வந்தேன். "எடமில்ல, நீ வண்டியைப் பாத்துக்கிட்டு இரு" என்றார் தங்கமுத்துத் தாத்தா. நீங்கள் எல்லோரும் போய்விட்டீர்கள். ஆத்தாயி பாட்டியும் ஆட்டை ஓட்டிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார்கள். வெயிலில் நானும் காரும் இறக்கி வைத்த முட்டை அட்டைகளும் இருந்தோம். என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பு. கார் எடுத்துக்கொண்டது, எதுவுமே நடக்காத மாதிரி.

அந்த ஒரு திருப்பைத்தான் கருமாதியில் என் மீது சாட்சியாக வைத்தீர்கள். "எல்லாரும் எறங்கிப் போன பொறவு ஓடுச்சில்ல, அப்பறம் வண்டி மேல என்ன குத்தம்? இவதான் என்ற புருசனை ரோட்டுல போட்டுக் கொன்னவ" என்றீர்கள். நான் அதை மறுக்கவில்லை. மறுக்க எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்கு நான் ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தபோது அப்புச்சி முகத்தில் துணி போட்டிருந்தார்கள். அதன் பிறகு நான் எந்த ஸ்டியரிங்கையும் தொடவில்லை. கம்பெனி பஸ்ஸில்கூட டிரைவர் தெரியாத சீட்டாகப் பார்த்து உட்காருகிறேன்.

கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் எடைக்குப் போட அல்ல. அப்புச்சி அந்தத் தீபாவளிக்கு என்னிடம் சொன்னார்: "பெட்ரோல் போற வழி பூராத்தையும் மாத்தோணும் கண்ணு. டேங்கு துரு, பம்பு கெழடு, கார்பரேட்டரு கெழடு, ஓட்டற நானும் கெழடு. ரப்பர் ஓஸ் ஒன்னுதான் உன்ற தாத்தன் தங்கமுத்து மாத்திக் குடுத்திருக்கறான்." அதை முடிக்காமல் அவர் போய்விட்டார். முடிக்க வேண்டும். சேலத்தில் சந்திரசேகர் என்று ஒருவர் பழைய கார்களை வாங்கி வைத்துப் பராமரிக்கிறார். ஓடுகிற நிலையில் இருந்தால் எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். சாமான்களை நான் வாங்கி அனுப்புகிறேன்.

வேலை செய்கிற மெக்கானிக்கிடம் ஒன்று மட்டும் கேளுங்கள். அன்றைக்கு ஏன் நின்றது? என்னால்தான் என்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். நான் தினமும் என்னையே கேட்டுக்கொண்டிருப்பதை அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தமிழினி


எருமப்பட்டி,
9.2.2025

தமிழினிக்கு,

அவர்களுக்கு, நீங்கள், வைத்தீர்கள். கலெக்டருக்கு மனு எழுதுகிற மாதிரி எழுதியிருக்கிறாய். பால் குடி மறந்ததிலிருந்து என்னை வா, போ என்றுதான் கூப்பிட்டாய். நான் கேட்டு வாங்கிக்கொண்டதுதான், போகட்டும்.

எடைக்கு வேண்டாம் என்கிறாய். சரி. உனக்காக இல்லை, அவர் சொன்னார் என்று எழுதியிருக்கிறாயே, அதற்காக.

ஓஸ் மாற்றியது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. தீபாவளிக்கு முந்தி தங்கமுத்துவின் பட்டறையில். லாரிகளுக்கு நடுவே நம் வெள்ளைக் கார் கோழிக்குஞ்சு மாதிரி நின்றது. நான் டயர் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வேலைக்காரர்கள் இரண்டு பேர் டேங்கை இறக்கிப் பிடித்தார்கள். ஒரே சுருளிலிருந்து மூன்று துண்டு வெட்டினான். கறுப்பு ஓஸ், முதுகில் சிவப்புக் கோடு. டேங்குக்கு மேலே ஒன்று, முன்னால் இரண்டு. உன் அப்புச்சி, "காருக்குண்டானதை வாங்கிப் போடலாமா மாப்பிள்ளை" என்று கேட்டார். "இது நாப்பது டன்னு இழுக்கற லாரிக்குப் போடறது மாமா. உங்க வண்டிக்குக் கோயில் கட்டிப் போட்ட மாதிரி, ஆயுசுக்கும் போதும்" என்றான். நாமக்கல்லில் எவனைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வான். லாரிக்குத் தாங்கினது எதுக்கும் தாங்கும் என்பார்கள். உன் அப்புச்சிக்கும் பெருமை. வீடு வருகிற வரைக்கும் லாரி ஓஸ், லாரி ஓஸ் என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

அதனால் தங்கமுத்துவையே கூப்பிட்டு மீதியையும் பார்க்கச் சொல்லலாம் என்று வரச் சொன்னேன். வந்தான். கொட்டகைப் பக்கம்கூடப் போகவில்லை. "எதுக்குக்கா செத்த வண்டியைப் பிரிக்கறே? எடைக்குப் போட்டுட்டு மாமன் பேருல ஒரு கெடா வெட்டு" என்றான். புள்ளை கேட்கிறாள் என்றேன். "அவ ஓசூர்ல இருந்துக்கிட்டு ஆயிரம் கேப்பா. வேணும்னா நானே ஓட்டிக்கிட்டுப் போயி எங்கியாச்சும் வித்துட்டு வாரேன், சாவியைக் குடு" என்றான். எனக்கு என்னமோ கொடுக்கத் தோன்றவில்லை. காபி போட்டு வைத்தேன், குடிக்காமல் போய்விட்டான். என் கையால் போட்ட காபியை அவன் குடிக்காமல் போனது கிடையாது. சுகருக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவன் மாட்டேன் என்றால் யாரைக் கூப்பிடுவது, நீயே சொல்.

பாவாயி


ஓசூர்,
16.2.2025

அம்மாயி,

தாத்தாவைக் கட்டாயப்படுத்த வேண்டாம். அவர் லாரி வேலைக்காரர். அப்புச்சி வழக்கமாகக் காரை விடுகிற மெக்கானிக் மாதேஷ் அண்ணனிடம் பேசிவிட்டேன். அவரே எருமப்பட்டிக்கு வந்து கொட்டகையில் வைத்துச் செய்கிறேன் என்றார். டேங்கு, பம்பு, ஃபில்டர், கார்பரேட்டருக்குப் போடுகிற வாஷர் கேஸ்கெட்டுகள் எல்லாம் பார்சலில் வரும். ஓஸும் புதிதாக அனுப்பியிருக்கிறேன். இப்போது வருகிற பெட்ரோல் பழைய ரப்பரைத் தின்றுவிடும் என்று மாதேஷ் அண்ணன் சொன்னார்.

அவர் வேலை செய்யும்போது நீ பக்கத்தில் இரு. நீ பார்த்தால் ஒன்றும் தப்பாது.

அம்மாவிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டாம். அம்மாவுக்கு உன் பக்கமும் என் பக்கமும் நின்று கால் வலிக்கிறது.

தமிழினி


எருமப்பட்டி,
2.3.2025

தமிழு,

இதை நிதானமாக உட்கார்ந்து வாசி. ஆபீசில் வைத்துப் பிரிக்காதே.

மாதேஷ் வந்தான். நான் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். "ஏனுங்காத்தா, மேற்பார்வைக்கு என்ன சம்பளம்?" என்றான். "நீ ஒழுங்காச் செஞ்சா சம்பளம் வேண்டாம், இல்லீன்னா உன்ற சம்பளத்துல பிடிச்சுக்கறேன்" என்றேன். சிரித்துக்கொண்டே கார்பரேட்டரைக் கழற்றினான். கிண்ணத்தில் பச்சையாகப் பாசி மாதிரி படிந்திருந்தது. பம்பின் உள்ளே இருந்த ரப்பர் சவ்வு அப்பளமாக ஒடிந்தது. எல்லாம் ஒரு பழைய வேட்டியை விரித்து அதன் மேல் வரிசையாக வைத்தான். உன் அப்புச்சி வேட்டிதான்.

ஓஸை மட்டும் தொடாதே, அது என் தம்பி போட்ட லாரி ஓஸ் என்று முதலிலேயே சொல்லியிருந்தேன். "லாரி ஓஸுங்களா? டீசல் ஓடற ஓஸுங்களா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். பக்கத்து வீட்டுச் சந்தோஷ்குமாரைத் துணைக்குக் கூப்பிட்டு டேங்கை இறக்கினான். மேலே இருந்த துண்டைக் கழற்றிக்கொண்டு வந்து என்னிடம் நீட்டினான். சிவப்புக் கோடு அப்படியே இருந்தது. வெளியே ஒரு கீறல் இல்லை.

"ஊதிப் பாருங்காத்தா" என்றான்.

ஊதினேன் தமிழு. போகவில்லை. கன்னம் வலிக்க ஊதினேன், காற்றுப் போகவில்லை.

பிளேடால் நீளவாக்கில் கிழித்தான். உள்ளே ரப்பர் ஊறி உப்பிக் கிடந்தது. உள்தோல் உரிந்து நாக்கு மாதிரி தொங்கியது. மாதேஷ் சொன்னதை அவன் சொன்னபடியே எழுதுகிறேன். "டீசலுக்குத் தாங்கறது பெட்ரோலுக்குத் தாங்காதுங்காத்தா, ஊறிப்போயிரும். வெயில்ல, மேட்டுல, பம்பு பலமா இழுக்கும்போது இந்தத் தோலு வந்து அடைச்சுக்கும். கொஞ்ச நேரம் நின்னு ஆறுனா தானா உட்டுரும். அப்பறம் ஒரே சாவில எடுத்துக்கும். ஓட்டறவங்க மேல ஒன்னுமே இல்லீங்க. நான் ஓட்டியிருந்தாலும் அந்த மேட்டுல நின்னுதான் இருக்கும்."

நீ கேட்கச் சொன்ன கேள்விக்குப் பதில் இது. நான் கேட்காமலே அவன் சொன்னான்.

இன்னும் ஒன்று இருக்கிறது. முன்னால் போய்ப் பார்த்தான். அங்கே இருந்த இரண்டு துண்டிலும் சிவப்புக் கோடு இல்லை. "இது சரியான பெட்ரோல் ஓஸுங்க, கிளிப்புகூடப் புதுசா இருக்குது. யாரோ மாத்தியிருக்காங்களே" என்றான். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். மூன்றும் ஒரே சுருளில் வெட்டியதை நான் கண்ணால் பார்த்தவள். ஆஸ்பத்திரியிலிருந்து காரை எடுத்துக்கொண்டு போனவன் அதைக் கருமாதியன்று விடியற்காலைக் குளிரில் கொண்டு வந்து நிறுத்தினான். அதற்குப் பிறகு சாவி என் இடுப்பை விட்டு இறங்கியதில்லை.

கிழித்த ஓஸைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன்.

அம்மாயி


ஓசூர்,
7.3.2025

அம்மாயி,

நீ சொன்ன மாதிரி ஆபீசில் பிரிக்கவில்லை. ரூமில் படித்தேன். கூட இருக்கிற சத்யபிரியா பயந்துபோய்விட்டாள். யாராவது இறந்துவிட்டார்களா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எப்போது என்று கேட்டாள். இரண்டு வருசத்துக்கு முன்னால் என்றேன்.

இத்தனை நாளும் கனவில் நான் சோக்கை இழுத்துக்கொண்டே இருப்பேன். அன்றைக்கு அதைத் தொட்டேனா இல்லையா என்பதே எனக்கு மறந்துபோய்விட்டது. நீங்கள் எல்லோரும் சொன்னதால் தொட்டிருப்பேன் என்று நம்பிவிட்டேன்.

முன்னால் யார் மாற்றியது என்று கேட்கப் போகாதே அம்மாயி. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. தாத்தா அப்புச்சி மேல் உயிரையே வைத்திருந்தவர். நல்லது என்று நினைத்துத்தான் போட்டார். அவரைப் போய்க் கேட்டால் உனக்கு அங்கே வேறு யார் இருக்கிறார்கள்?

தமிழு


எருமப்பட்டி,
15.3.2025

தமிழு,

உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே போய்விட்டேன். வந்த பிறகு போயிருந்தாலும் போய்த்தான் இருப்பேன்.

நாமக்கல்லுக்குப் பஸ் ஏறினேன். மஞ்சப்பையில் ஓஸையும் இன்னொன்றையும் எடுத்துக்கொண்டேன். காது மிஷினையும் மாட்டிக்கொண்டேன், கூவினால் கூவட்டும் என்று. தங்கமுத்து ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தான். காலைப் பார்த்தே தெரிந்தது. "எந்திரிச்சு வாடா" என்றேன். வந்தான். ஓஸை அவன் கையில் கொடுத்தேன்.

"இது என்ன?"

அவன் பிரித்துப் பார்க்கவே இல்லை. டயர் மேல் உட்கார்ந்துவிட்டான். நான் அன்றைக்கு உட்கார்ந்திருந்தேனே, அதே இடம்.

"தெரியாமப் போட்டுட்டேங்க்கா. எத்தனையோ லாரிக்குப் போட்டிருக்கறேன். பெட்ரோலுக்கு ஊறும்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

"அதை நான் கேக்கல. முன்னாடி ரெண்டு மாத்தியிருக்கறயே, எப்ப மாத்துன?"

தலையைக் குனிந்துகொண்டான். வேலைக்காரர்களை டீ குடிக்கப் போகச் சொன்னான். "ஆஸ்பத்திரியில இருந்து ஓட்டிக்கிட்டு வந்தனா, பட்டறை வாசல்ல மறுபடியும் நின்னுபோச்சுக்கா. கழட்டிப் பாத்தேன். உள்தோலு உரிஞ்சு தொங்குச்சு."

"கருமாதிக்கு முந்தியேவா?"

"ஆமா."

"பின்னால இருந்ததை ஏன் உட்டுட்ட?"

"டேங்கை எறக்கோணும். ஒத்தை ஆளா முடியாது. ஆளைக் கூப்புட்டா எதுக்குன்னு கேப்பாங்க."

"நான் அந்தப் புள்ளையச் சபை நடுவுல வெச்சுப் பேசுனனே, அப்ப நீ எங்க உக்காந்திருந்த?"

"உன்ற எதுத்தாப்புலதான்."

"கேட்டுதா?"

"கேட்டுது." பிறகு சொன்னான், "சொல்லி என்னக்கா ஆகப்போவுது? மாமன் திரும்பி வரப்போறாரா? அவ சின்னப் புள்ள, நாலு நாள்ல மறந்துருவான்னு நெனச்சேன்."

எனக்கு அவனை அடிக்கக்கூடத் தோன்றவில்லை. மஞ்சப்பையிலிருந்து அந்தச் சேலையை எடுத்தேன். கருமாதியன்று பிறந்த வீட்டுக் கோடி என்று அவன் கொண்டு வந்து என் தோளில் போட்டானே, அந்த இளம்பிள்ளைத் தறிச் சேலை. தாலி இறங்கின பொம்பளைக்கு இனி நாங்கள் இருக்கிறோம் என்று அண்ணன் தம்பி போடுகிற கோடி. காரில் ஓஸை மாற்றின கையோடு அதைப் போட்டிருக்கிறான். நான் அவன் தோளில் சாய்ந்து அழுதேன். அந்த வாயோடு எழுந்து நின்றுதான் உன்னைப் பேசினேன். சேலையை டயர் மேல் வைத்துவிட்டு, ஓஸை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். "அக்கா, அக்கா" என்று ரோடு வரைக்கும் வந்தான். மிஷினைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

பங்குனியில் உன் அப்புச்சிக்குத் தெவசம். போன தடவை நீ வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. இந்தத் தடவை வா. எந்தச் சபையில் சொன்னேனோ அந்தச் சபையைக் கூட்டியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்கிற வாக்கியம் எனக்கு எழுத வராது. வந்து உட்கார், அது போதும். கார் எடுக்கிறது. மாதேஷ் ஏரிக்கரை வரைக்கும் வெயிலில் ஓட்டிப் பார்த்தான், மேட்டில் இருமவில்லை.

அம்மாயி


ஓசூர்,
13.4.2025

அம்மாயி,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நம் காரிலேயே. தொப்பூர் மலை ஏறும்போது ஓரமாக நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு, திரும்பவும் ஓட்டினேன்.

சந்திரசேகர் சார் போன் செய்தார். காரைப் பார்க்க எருமப்பட்டிக்கு வந்தாராமே. "ஒரு பாட்டியம்மா என்னை வாசலிலேயே நிறுத்தி, இது விற்கிற வண்டி இல்லை, போய்ட்டு வாங்க சாமின்னு மோர் கொடுத்து அனுப்பிட்டாங்க" என்று சிரித்தார்.

தெவசத்தன்று நீ எழுந்து நின்று அந்த ஓஸைத் தட்டில் வைத்து எல்லோர் கைக்கும் கொடுத்தாயே, அது ஒவ்வொருவராகக் கை மாறிப் போவதை என்னால் பார்க்க முடியவில்லை. "ஊதிப் பாருங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாய். "இவ மேல குத்தமில்ல. நாஞ் சொன்னது தப்பு" என்று நீ சொன்னதை விட, ஒரு பெரியவர் அந்தக் கிழிந்த ஓஸை ஊதிப் பார்க்க முயன்றதுதான் எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. அம்மா அழுதுகொண்டே சிரித்தாள்.

ஓசூருக்குக் கிளம்பும் முன் உன்னையும் ஏற்றிக்கொண்டு ஏரிக்கரை மேட்டில் ஒரு சுற்று வந்தேன். கண்ணாடியில் பார்த்தேன். நீ பின் சீட்டில், அன்றைக்கு உட்கார்ந்த இடத்திலேயே, மடியில் கையை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அப்புச்சி தலை வைத்த மடி. கண்ணை மூடியிருந்தாய் என்று நினைக்கிறேன்.

இப்போது நான் கேட்கப் போவது உனக்குப் பிடிக்காது. தெவசத்தன்று தாத்தா வந்திருந்தார். நீ கேட்டைச் சாத்தச் சொன்னதும் ரோட்டிலேயே வேப்பமரத்தடியில் நின்றார். எல்லோரும் சாப்பிட்ட பிறகு நான் இலையில் கட்டிக்கொண்டு போய்க் கொடுத்தேன். வாங்கவில்லை. "உன்ற மூஞ்சியப் பாக்க எனக்கு யோக்கியதை இல்ல சாமி" என்றார். பிறகு ஒன்றுதான் கேட்டார். "எனக்கிருக்கறது ஒரே அக்கா. நாளைக்கு அவ காலம் முடிஞ்சா நான் கோடி கொண்டுக்கிட்டு வருவேன். அதை அவ மேல போட உடச் சொல்லு. வேற ஒன்னும் வேண்டாம்." அவருக்குக் கால் புண் ஆறவில்லை. செருப்புப் போட முடியாமல் துணி சுற்றியிருந்தார். வயதாகிவிட்டது அம்மாயி.

நான் மன்னித்துவிட்டேன். பெரிய மனசால் இல்லை. அந்த மேட்டில் வெயிலில் தனியாக உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவர் இப்போது அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். நீயும் விட்டுவிடு.

தமிழு


எருமப்பட்டி,
24.4.2025

தமிழு,

நான் கண்ணை மூடவில்லை. மேடு முடிகிற வரைக்கும் உன் பின்னங்கழுத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். அன்றைக்கும் அதைத்தான் பார்த்தேன். வியர்வை ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அந்த வியர்வை என் மனசில் படவில்லை. இப்போது படுகிறது.

நீ மன்னித்தது சரி. உனக்கு இன்னும் ரொம்ப தூரம் ஓட்ட வேண்டியிருக்கிறது, பாரம் ஏற்றிக்கொண்டு போகாதே. எனக்கு அப்படி இல்லை.

நானும் உட்கார்ந்து ஒவ்வொருத்தராக யோசித்துப் பார்த்தேன். மணியன் முட்டை அட்டையை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தான், வீசி எறிந்திருந்தால் அவ்வளவு நேரம் மிஞ்சியிருக்கும். ரொம்ப நாள் அவன் மேல் கோபம். அவன் முதலாளிக்குப் பயந்தவன், விட்டுவிட்டேன். முன்னால் கொண்டு வந்திருக்கலாம் என்ற டாக்டரை விட்டுவிட்டேன். கேட்காமல் காரை உன் பேருக்கு மாற்றின உன் அப்புச்சியை விட்டுவிட்டேன். ஆத்தாயியின் ஆட்டைக்கூட விட்டுவிட்டேன்.

ஓஸைப் போட்டானே, அதையும் விட்டுவிட்டேன். அது மாமன் மேல் இருந்த ஆசையில் செய்தது. லாரி ஊரில் பிறந்தவன் வேறு என்னத்தைப் போடுவான்? நின்றுபோன காரைப் பார்த்து உன்னைக் கத்தினானே, அதையும் விட்டுவிட்டேன். அப்போது அவனுக்கும் தெரியாது.

ஆனால் கருமாதியில் என் எதிரே இலை போட்டு உட்கார்ந்திருந்தான். நான் என் பேத்தியைக் கொலைகாரி என்றேன். நீ எழுந்து, சாப்பிடாமல், பையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினாய். அவன் தலை நிமிரவில்லை. நான் அதைத் துக்கம் என்று நினைத்தேன். துக்கத்தில் சாப்பிட முடியாமல் உட்கார்ந்திருக்கிறான் என்று நானே பக்கத்தில் போய், "சாப்பிடு சாமி, மாமனுக்காகச் சாப்பிடு" என்று சாதத்தைப் பிசைந்து ஊட்டினேன். வாயைத் திறந்து வாங்கிக்கொண்டான். அதைத்தான் என்னால் கடக்க முடியவில்லை தமிழு. வாயைத் திறந்தானே. திறந்த வாயால் ஒரு சொல் சொல்லியிருக்கலாமே. நீ அப்போது பஸ் நிறுத்தத்தில்தான் நின்றுகொண்டிருந்தாய்.

எங்கள் அம்மா செத்தபோது அவன் தவழ்கிற குழந்தை. எங்கள் அப்பன் சின்னான் காட்டுக்குப் போய்விடுவார். நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அவனை இடுப்பில் வைத்துக்கொண்டேன். எனக்கு எழுத்து இவ்வளவுதான் வருகிறது என்றால் அதற்குக் காரணம் அவன்தான். அதை ஒரு நாளும் குறையாக நினைத்ததில்லை.

அதனால் இதை உன்னிடம் எழுதி வைக்கிறேன். உன் அம்மாவால் முடியாது, அவள் அழுதுகொண்டு எல்லாருக்கும் சரி என்பாள். நீதான் நிற்க வேண்டும். நான் போனால் எல்லாரையும் வரச் சொல். பகையாளி வந்தாலும் கேட்டைத் திறந்து விடு. பிறந்த வீட்டுக் கோடி இல்லாமல் எப்படி எடுப்பது என்று பெரியவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். நீ காரை எடுத்துக்கொண்டு போய் இளம்பிள்ளையில் ஒரு சேலை வாங்கி வா. அதை என் மேல் நீ போடு. அதுதான் எனக்குப் பிறந்த வீடு.

அவன் கேட்டுக்கு வெளியே நின்றால் தண்ணீர் கொடு. காலில் புண் என்றால் முக்காலி போட்டு உட்கார வை. அழுதால் அழ விடு. எதுவும் பேசாதே, திட்டாதே. அவன் கையில் இருக்கிற துணி மட்டும் என் மேல் விழக்கூடாது. இதற்கு மறு பேச்சு எழுதாதே, எழுதினால் வாசிக்கமாட்டேன்.

வெயில் ஏறுகிறது. காரை நிழலில் நிறுத்து. மேட்டில் இருமினால் பயப்படாதே, இறங்கிப் பார், உன்னால் இருக்காது.

நான் மன்னிக்காத ஆள் ஒருத்தன்தான். சின்னான் மகன், என் இடுப்பில் வளர்ந்த தங்கமுத்து.